கெலுவார்கா

காலையில் யாரைப் பார்த்தாலும் இங்கே "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி மலாய் நாட்டின் சுங்கைப்பட்டாணிக்கு வந்த புதிதில், என் முகத்தில் அப்படியென்ன பசி தெரிகிறது என்று யோசிப்பேன். காலைச் சாப்பாட்டுக்கே இங்கு அதுதான் பெயர் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆவணப்படம் எடுப்பது என் தொழில். பிரசவத்தைச் சுற்றிக் குடும்பம் எப்படிக் கூடுகிறது என்று ஒரு படம் தொடங்கியபோது சுசீலா கிடைத்தாள். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சிடாம் கிரியில் வீடு, வயிற்றில் ஏழு மாதம். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று முகிலனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளுடைய அம்மா பேசுவதில்லை.

"எடுத்தத அம்மாகிட்ட காட்டுவீங்களாக்கா? அதுக்குத்தான் ஓக்கே சொன்னேன் லா," என்றாள்.

ஊரில் என் அக்காவின் முதல் பிரசவத்துக்கு வீடு கொள்ளாத கூட்டம். சித்திகளும் அத்தைகளும் ஆளுக்கொரு பத்தியம் சொல்ல, "கொஞ்ச நேரம் என்னத் தனியா விடுங்களேன்" என்று அவள் அழுதாள். சுசீலா வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். முகிலன் வேலைக்குப் போய்விட்டால் அவளோடு பேச ஆளில்லை.

அவள் அம்மா பார்வதி திக்காம் பத்துவில் பலகாரக் கடை வைத்திருந்தார். மடிக்கணினியை அவர் முன்னால் திறந்து வைத்தேன். திரையில் சுசீலா கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கியபடி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

"இந்தக் கால் வீக்கத்தோடயா வேலைக்குப் போறா?"

மீதியை அவர் பார்க்கவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தார். "ஒன் காடில எடம் இருக்காமா?"

காடி என்றால் இங்கே கார்.

சிடாம் கிரியில் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த சுசீலா அப்படியே நின்றாள். பார்வதி அவளை உட்காரவைத்து, வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து நீவத் தொடங்கினார்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரசவத்தைப் படமெடுக்க ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைக்கவில்லை. பெண் குழந்தை என்று முகிலன் போன் செய்ததும் கேமரா இல்லாமல் வெறுங்கையோடு பார்வதியை அழைத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலில் மலாய்த் தாதி என்னைப் பார்த்து, "கெலுவார்கா?" என்றாள். கடைகளின் வாசலில் 'கெலுவார்' என்று எழுதியிருக்கும். வெளியே போகும் வழி. எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பார்வதி என் கையைப் பிடித்து இழுத்தார். "எங்க போற? குடும்பமான்னு கேக்குறா." பிறகு தாதியிடம், "யா, கெலுவார்கா," என்றார், என் கையை விடாமல்.

மறுநாள் அம்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"நம்ம வீட்ல கொழந்த பொறந்திருக்கும்மா," என்றேன்.

"நம்ம வீட்லயா? எந்த வீட்லட்டி?"

பார்வதி சொன்ன வார்த்தைதான் வாயில் வந்தது. "சுசீலா வீட்லம்மா. கெலுவார்கா," என்றேன்.