கீழாநெல்லி பச்சையாக இருக்க வேண்டும்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிய கை இது. அதே கைதான் ஆனைக்குட்டம் பக்கம் மூன்று பிராய்லர் ஷெட் போட்டது. யாரிடமும் போய் ஒன்று கேட்டதில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

என் கோழி லேசில் சீக்கில் விழாது என்று சாத்தூர் வரைக்கும் பேச்சு உண்டு. சீசன் நேரத்தில் பக்கத்துக் கம்பெனியில் பட்டாசு வெடித்துப் பார்ப்பார்கள். பிராய்லர் குஞ்சு பயந்த சாதி. சத்தம் கேட்டால் மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். மறுநாள் தீவனம் எடுக்காது, சோர்ந்துவிடும். தடுப்பு மருந்தெல்லாம் குஞ்சு தருகிற கோழிக் கம்பெனி சொல்கிறபடி போட்டுவிடுவேன். அதற்கு மேலே எதிர்ப்புச் சக்திக்கென்று கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தண்ணீர் டேங்கில் கலப்போம். யார் சொன்ன பக்குவம் என்று கேட்டால், “எல்லாம் என் மூளைதான்” என்பேன்.

அரைத்தது என் வீட்டுக்காரி. பக்குவமும் அவளுடையது. அதை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். பட்டாசு வேலை முடிந்து பஸ்ஸில் வருகிற பெண்கள் கையெல்லாம் வெள்ளிப்பொடி ஏறி மினுங்கும். இவள் உள்ளங்கை மட்டும் மஞ்சள். அந்தக் கையால் சோறு போட்டால் லேசாகப் பூண்டு வாசம் அடிக்கும். முகம் சுளித்திருக்கிறேன். இப்போது கடைச் சோற்றில் அந்த வாசத்தைத் தேடுகிறேன்.

மகள் பிரசவத்துக்கென்று இவள் கோயம்புத்தூர் போனாள். பேரன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று இவள் அங்கேயே இருந்துவிட்டாள். வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுப் பழகாத வாய். அதனால் ஒவ்வொரு தடவை ஷெட்டில் புதுக் குஞ்சு இறக்கும்போதும் போன் போட்டு மருந்துக்கு அளவு கேட்பேன்.

“மிளகு எம்புட்டுப் போடணும்?”

“போன தடவையும் இதத்தான கேட்டீக.”

“மறந்துபோச்சு.”

“எல்லாம் என் மூளைன்னு ஊரெல்லாம் சொன்னீகளே. அந்த மூளைய எங்கன வச்சீக?”

அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போயிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் ஷெட்டுக்குள் வந்தார்.

“அண்ணாச்சி, உங்க பச்சிலை மருந்த மத்த பண்ணைக்காரங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

போன் காதோரம்தான் இருந்தது.

“அது என் மருந்து இல்லப்பா. என் வீட்டுக்காரி மருந்து. அவ இல்லாம நான் அரைச்சா சாந்துதான் வருது, மருந்து வரல.”

அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். போனில் பேரன் ஏதோ தட்டைத் தரையில் தட்டுவது மட்டும் கேட்டது.

“கேட்டுச்சா?” என்றேன்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு.” என்றாள். “கீழாநெல்லி பறிச்சு வைங்க. வாடுனது ஆகாது, பச்சையா இருக்கணும். நான் வந்து அரைக்கேன்.”

என்றைக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய்ப் பறித்து வந்து, ஈரத்துணியில் சுற்றி வைக்கிறேன். அவள் மாறி வர வேண்டிய மதுரை பஸ் எல்லாம் போன பிறகு, அன்றைக்கு வாடினதை நானே அரைத்து டேங்கில் விடுகிறேன். கோழிகள் முன்னைக்கு இப்போது திடமாக இருக்கின்றன என்கிறார் சூப்பர்வைசர். தினமும் மருந்து கிடைத்தால் இருக்காதா பின்னே.