என் பேரில் கேட்ட கேள்விகள்

போன வாரம் திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாற்றம் வந்தது. வடசென்னைக்காரனுக்கு நாற்றம் ஒரு பெரிய சமாச்சாரமில்லை. மணலிக் காற்று ஒன்று, காசிமேட்டுக் காற்று ஒன்று, கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். ஆனால் இது அந்தக் கணக்கிலேயே சேராது. சூடான கியர் ஆயில். அழுகின முட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தால் வருமே, கிட்டத்தட்ட அது.

திரும்பிப் பார்த்தால் நடுரோட்டில் ஒரு பெரிய வண்டி படுத்துக்கிடக்கிறது. பக்கத்தில் நல்ல சட்டை போட்ட ஓர் இளைஞர் நின்றுகொண்டு, செல்போனில் யாரையோ கேட்கிறார்: “திரும்பும்போது டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சுங்க. ஏன் அப்படி? ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாதா?” பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்கிறது, அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. வண்டியைப் பார்த்து இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர், தன் சந்தேகத்தைத் தன் வாயாலேயே கேட்கிறாரே, அதைப் பார்த்து.

இதில் வயிறெரிய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

செல்போனில் நமக்கு வருகிற காலுக்கும் நாமே காசு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் தண்டையார்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை, ஹார்பர் கோடவுன்களுக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தோஸ்து சேவியர், ராயபுரத்துக்காரன், டிரெய்லர் ஓட்டுகிறவன், ஒரு நாள் வந்து சொன்னான்: “மாமு, எங்க மொதலாளி மல மாரி ஒரு வண்டி வாங்கிகீறாரு. பதமா ஓட்டற ஆளு வோணுமாம். உன் பேர சொல்லிட்டேன். நாளைக்கு வந்து நில்லு.”

அந்த முதலாளி ஹார்பரில் மூட்டை தூக்கி மேலே வந்தவர். பத்துப் பன்னிரண்டு டிரெய்லருக்கு ஓனரான பிறகும் டீயைக் கிளாஸிலிருந்து கிளாஸுக்கு ஆற்றித்தான் குடிப்பார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு, மறைக்க மாட்டேன். வண்டி வெள்ளை. ஏறுவதற்குப் படி. உள்ளே உட்கார்ந்தால் எதிரே வருகிற பஸ் டிரைவரைக் கண்ணுக்குக் கண் பார்க்கலாம். கியர் தடிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு தடி. அதைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும், எடுத்தால் பின் சக்கரம் இரண்டும் மட்டும் இழுக்கும்.

எனக்கும் தலைகால் புரியவில்லைதான். வெள்ளை யூனிபார்ம், பாரிமுனையில் வாங்கின கூலிங் கிளாஸ், வாயில் ஏலக்காய். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து, வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, என் பொண்டாட்டி பார்க்கட்டும் என்று இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். தண்ணி லாரி உள்ளே வர வழியில்லை. குடத்தோடு நின்ற பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். “இன்னாபா, இது வண்டியா வூடா? எட்த்துகினு போ அந்தாண்ட!” கூலிங் கிளாஸைக் கழற்றிக்கொண்டு பட்டினியாகவே திரும்பிப் போனேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலாளிக்கு அந்த வண்டியைப் பற்றி ஆயிரம் சந்தேகம். ஆனால் சர்வீஸ் சென்டர் படி ஏறி அதைக் கேட்க மாட்டார். அங்கே ஏசி ஹால், மீன் தொட்டி, டை கட்டின சூப்பர்வைசர், இங்கிலீஷ் பத்திரிகை புரட்டிக்கொண்டு இவரை மாதிரி நான்கு ஓனர். இத்தனை பெரிய வண்டியை வாங்கிவிட்டு இது கூடத் தெரியாதா என்று யாராவது நினைத்துவிட்டால்? கௌரவம் என்ன ஆவது? அதனால் என்னைத்தான் அனுப்புவார். “நான் கேட்டேன்னு சொல்லாத. உனுக்கு டவுட்டு மாரி கேட்டுகினு வா.”

அவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் பெரிய வண்டி வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கவுண்டர் முன்னால் நாங்கள் டிரைவர்கள் வரிசையாக நிற்போம், ஆளுக்கொரு முதலாளியின் அறியாமையைச் சுமந்துகொண்டு. டிரைவர் முட்டாளாக இருக்கலாம், அதற்குத்தானே சம்பளம்!

கேள்விகளைக் கேளுங்கள். ஏசி போட்டால் ஏன் மீன் நாற்றம் அடிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரத்தை வாங்கி, ஐஸ் சொட்டச் சொட்ட பின் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தால் மல்லிப்பூ வாசமா வரும்? ஆனால் நான்தான் பவ்யமாகப் போய்க் கேட்டேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று விடாமல் எரிகிறதே, அது நல்லதா கெட்டதா? டிரெய்லர்கள் நிற்கிற யார்டில் பீப்பாயிலிருந்து ஊற்றின டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஃபில்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடு என்று அர்த்தம். சைடு படி ஏன் துருப்பிடிக்கிறது? கடல் காற்று, தினம் நல்ல தண்ணீரில் கழுவு. சூப்பர்வைசர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார், சொல்லி முடித்ததும் பக்கத்துப் பையனைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிரிப்பு. அப்புறம் அப்புறம் நான் உள்ளே நுழையும்போதே, “வாங்க டவுட்டு! இன்னைக்கு என்ன?” என்பார். அங்கே என் பேரே அதுவாகிவிட்டது.

அந்தக் குட்டித் தடியைப் பற்றியும் நான்தான் கேட்டேன். “சார், தார் ரோட்டுல எப்பவும் ஃபோர் வீல்லயே ஓட்டலாமா?” சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். திரும்பும்போது முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் ஒரு தூரம் போகும். மணலில், சேற்றில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அத்தனை முறுக்கும் உள்ளே கியர் பெட்டிக்குப் போகும், ஒரு நாள் உடையும். எனக்கு நன்றாகவே புரிந்தது. போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

முதலாளி கேட்டார், கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: “நாலு சக்கரத்துக்கும் துட்டு குட்த்து வாங்கிகீறேன். ரெண்டு சக்கரத்துல ஓட்டுன்றான். இன்னா நாயம் இது?”

சிரிக்காதீர்கள். வாழ்க்கை முழுக்க எடை போடுகிற இடத்தில், ஆள் எண்ணுகிற இடத்தில் ஏமாற்றப்பட்ட மனுஷன். அவருக்கு அது அப்படித்தான் தோன்றும்.

ஒரே ஒரு நாள் அந்த வண்டி தன் வேலையைச் செய்தது. எர்ணாவூர் தாண்டிக் கடற்கரை மணலில் இறக்கினோம். குட்டித் தடியைப் போட்டு மெதுவாக அழுத்தினேன். கணுக்கால் புதைகிற மணலில் வண்டி ஆடி அசைந்து போனது. கட்டுமரத்துக்காரர்கள் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். முதலாளி கை தட்டினார். “இஸ்துகினு போவுது பார்ரா! இஸ்துகினு போவுது பார்ரா!” அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கெட்டது அதற்கப்புறம்தான். ஃபோர் வீல் போட்டால் டேஷ்போர்டில் பச்சையாக ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கு அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சானைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, எண்ணூர்ப் பக்கம் மனை பார்த்துவிட்டு வருகிறோம். மச்சானும் வசதியான ஆள்தான், ஆனால் அவர் காரில் பச்சை விளக்கு கிடையாது. மனைக்குப் போன மண் ரோடு முடிந்து தார் ரோடு வந்ததும் நான் தடியை எடுக்கப் போனேன். முதலாளி என் கை மேல் கை வைத்தார்.

“கிடக்கட்டும் வுடு.”

“வோணாம் மொதலாளி, பொட்டி போயிடும்னு சொன்னாங்க.”

“வண்டி என்துதானே? ஓட்டு.”

திருவொற்றியூர் வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கிறீச்சிட்டது. ஸ்டீயரிங் என் கையோடு மல்லுக்கு நின்றது. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். டோல்கேட்டில் திரும்பும்போது அடியில் ஒரு சத்தம், எலும்பு முறிகிற சத்தம். வண்டி நின்றது. ரோட்டில் ஆயில், மூக்கில் அந்த முட்டை நாற்றம். முதலாளியும் மச்சானும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். கட்டி இழுக்க லாரி வருகிறவரைக்கும் வெயிலில் நான்தான் வண்டிக்குக் காவல்.

மறுநாள் முதன்முதலாக முதலாளி சர்வீஸ் சென்டருக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, செண்ட். ஏசி ஹாலில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். ஓட்டின விதம் தப்பென்றால் கம்பெனி தன் செலவில் மாற்றித் தராது. அதை ஓனர் மூஞ்சிக்கு நேரே சொல்ல எந்த சூப்பர்வைசருக்குத் தைரியம்? அவர் என்னைக் கையால் காட்டி முதலாளியிடம் சொன்னார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க டிரைவர் மிஸ்டேக். ஒண்ணுமே தெரியல சார் இவருக்கு. தார் ரோட்டுல ஃபோர் வீல் போடலாமான்னு இவரே வந்து கேட்டாரு. கூடாதுன்னு படம் போட்டுக் காட்டினேன். போட்டிருக்காரு பாருங்க. மீன் நாத்தத்துல இருந்து மஞ்ச லைட் வரைக்கும் எல்லாம் டவுட்டுதான் சார் இவருக்கு.”

ஹாலில் இருந்த ஓனர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. “மொதலாளி, நீங்க சொல்லுங்க” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு வரி. ‘நான்தான் போடச் சொன்னேன்.’ அதைச் சொன்னால் கேள்விகளும் அவருடையவை என்று ஆகிவிடும், அத்தனை பேர் முன்னால். அவர் மீன் தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பெரிய மனசு பண்ணி, “சின்னப் பையன், தெரியாம பண்ட்டான். வுடுங்க சார்” என்றார்.

மன்னித்துவிட்டாராம்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். அந்த வாரமே யார்டு மேனேஜரை விட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வேலை போனால் போகட்டும், டிரைவருக்கு வேலை போவதும் வருவதும் சகஜம். பேர் போனால்தான் பேஜாரு. எங்கள் தொழிலில் ஒருத்தன் எப்படி ஓட்டுவான் என்பது வாய் வழியாகத்தான் போகும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த யார்டில் போய் நின்றாலும், “அந்தப் பெரிய வண்டிய உட்ச்சானே, அவனா?” சேவியர் எனக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டான் தெரியுமா? ஒருத்தன்கூடச் சாவி கொடுக்கவில்லை. கடைசியில் கழிவுநீர் லாரிதான் கிடைத்தது. அந்த கலீஜை யாரும் திருட மாட்டார்கள், உடைந்தாலும் கவலையில்லை என்று கொடுத்தார்கள். ராத்திரி குளித்துவிட்டு வந்தாலும் குழந்தை என்னிடம் வராது. “வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேய்யா?” என்று பொண்டாட்டி கேட்டாள். சொல்லியிருந்தால் மட்டும் யார் நம்பியிருப்பார்கள்? அத்தனை கேள்வியையும் கேட்டவன் நானாயிற்றே.

இப்போது அந்த சர்வீஸ் சென்டர் இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி. எர்ணாவூரில் நாங்கள் வண்டி இறக்கின மணலைக் கடல் தின்றுவிட்டது, அங்கே பாறாங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. இப்போது வருகிற வண்டிகளில் குட்டித் தடியைக் காணோம், திருகுகிற ஒரு குமிழ்தான். கவுண்டர் முன்னால் டிரைவர் வரிசையும் இல்லை. இவை போனதற்கெல்லாம் நான் அழவில்லை, சத்தியமாக.

ஆனால் போன தை மாசம் சேவியர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ராயபுரத்தில் சர்ச்சை ஒட்டின ஹால். முதலாளி வந்திருந்தார். தளர்ந்துபோய், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். டிரெய்லரெல்லாம் எப்போதோ விற்றாயிற்று. அந்த மச்சானும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். நிஜமாகவே சந்தோஷம் அவருக்கு, முகம் பொய் சொல்லாது.

பேரனிடம் சொன்னார்: “டேய், நம்ம மொத வண்டிய ஓட்டினது இவன்தான்டா. தங்கமான ஆளு. ஆனா டோல்கேட்ல வச்சு பொட்டிய உட்ச்சுட்டான். தார் ரோட்ல ஃபோர் வீல் போடாதடா, பொட்டி போயிடும்னு எத்தினி தபா சொன்னேன்! கேக்கவே மாட்டான்.”

நான் சொன்ன வார்த்தை, அச்சு மாறாமல், அவர் வாயிலிருந்து வருகிறது. பேரன் சிரித்தான்.

“மொதலாளி” என்றேன், “போடச் சொன்னது நீங்கதானே? வோணாம்னது நான்தானே?”

அவர் என்னையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். சமாளிக்கிற ஆளை எனக்குத் தெரியும், அன்றைக்கு மீன் தொட்டியைப் பார்த்தாரே, அந்தப் பார்வையைச் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். இது அந்தப் பார்வை இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டு, “நானா?” என்றார், குழந்தை மாதிரி.

இத்தனை வருஷமும் அது அந்த ஆள் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருக்கும் என்று சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தேன். அங்கே முள்ளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.