பரிதாவின் ஆறு மணி

செம்பாக்கத்தில் பரிதாவிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயம்: அளவு தப்பாது, சொன்ன தேதி தப்பும். இருபத்திரண்டு வருடம் தையல் மெஷினை மிதித்ததில் அவருக்கு வலது முட்டி பழுதாயிற்று. மெஷினுக்கு மோட்டார் வைத்த பிறகுதான் வலி வந்தது என்பது அவர் கட்சி. டாக்டர் அதற்குள் போகாமல், காலுக்கு வலு ஏற்ற அஸ்தினாபுரத்தில் ஒரு ஜிம்முக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு ஃப்ளைவீல் மெஷின். தூக்க எடை எதுவும் கிடையாது. இடுப்பில் பெல்ட், அதிலிருந்து ஒரு நாடா கீழே சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கும். உட்கார்ந்து எழுந்தால் சக்கரம் சுழலும். நாடா தீர்ந்ததும் அதே சக்கரம் அதைத் திரும்பச் சுற்றிக்கொண்டு ஆளைக் கீழே இழுக்கும். சக்கரத்தில் மாட்டும் இரும்புத் தட்டு பெரிதாக ஆக, அதைச் சுழற்றுவது கடினம். எழுந்ததில் எத்தனை வாட் பவர் என்று திரை காட்டும்.

மெஷின் ஒன்று, காலை ஆறு மணியும் ஒன்று. ஏழுக்குக் கடை திறக்கவேண்டிய பரிதாவுக்கு வேறு நேரமில்லை. நாள் முழுக்க நேரம் வைத்திருந்த பத்ரிநாராயணன் சாருக்கும் அந்த ஆறு மணிதான் வேண்டியிருந்தது. ரிட்டையரான பிசிக்ஸ் வாத்தியார். பயிற்சியாளர் கிரீஷுக்கு இருவரிடமும் பயம். யார் அதிக வாட் காட்டுகிறாரோ அவருக்கே ஆறு மணி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

சார் பெருந்தன்மைக்காரர். இருந்த மூன்று பெரிய தட்டுகளையும் சக்கரத்தில் தமக்கே மாட்டச் சொன்னார்.

"பரிதாம்மாவுக்கு அந்தச் சின்னதப் போடுப்பா. பாவம், லேடீஸ்."

பாவப்பட்ட லேடீஸ் மறுக்கவில்லை.

சார் எழுந்தார். சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, தேர் நிலையை விட்டுக் கிளம்புவதுபோல அசைந்தது. முக்கலில் குறையே இல்லை, வேகம்தான் இல்லை. ஆறு தடவையில் அதிகபட்சம் நூற்று எண்பத்தாறு. சின்னத் தட்டோடு பரிதா விருட்டென்று எழுந்தார். தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றுவதுபோலச் சக்கரம் பறந்தது. இருநூற்று முப்பத்தொன்று.

மெஷின் ரிப்பேர் என்றார் சார்.

"சார், பவர்னா ஃபோர்ஸ் இன்ட்டு வெலாசிட்டி," என்று கிரீஷ் தயங்கினார். "நீங்கதான் சார் பிளஸ் டூல எங்களுக்கு எடுத்தீங்க."

"அது பரீட்சைக்குப்பா."

மறுநாள் ஆறு மணிக்கு வந்த பரிதா, பெரிய தட்டு இரண்டை மாட்டச் சொன்னார். கிரீஷ் விழித்தார்.

"இதான் கீழ நல்லா இழுக்குது. அதப் புடிச்சு நிறுத்துனாதான முட்டிக்கு வலு? சின்னது சும்மா, இந்த ஆறு மணிய வாங்கத்தான்."

சார் இப்போது ஏழு மணிக்கு வருகிறார். சின்னத் தட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இருநூற்று நாற்பது வந்த அன்று நேரே செம்பாக்கம் கடைக்கே போய், மறுபடி போட்டி வேண்டும் என்று நின்றார். பரிதா தையலிலிருந்து நிமிராமல், ப்ளவுஸ் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதையே சொன்னார்.

"ஆகட்டும் சார். அடுத்த வெள்ளிக்கிழமை."