மிக்கேல்ராஜுக்கு மிஞ்சிய இரண்டு விரல்கள்

மலாக்காவின் ஆயர் குரோ வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் இயந்திரம் மிக்கேல்ராஜின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கொண்டுபோனபோது அவருக்கு முப்பத்தேழு வயது. மருத்துவமனையில் கண் விழித்ததும் மனைவி பமேலாவிடம், "எந்தக் கை?" என்றுதான் கேட்டார். இடது என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் சோறு அள்ளும் கை தப்பியதே என்று ஆறுதல் அடைந்திருப்பார்கள். இவரோ பதினைந்து வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவுக்குக் கித்தார் வாசித்தவர். கம்பியை அழுத்துவது இடது கை.

அதன்பின் ஓராண்டு கித்தாரைத் தொடவில்லை. பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வார்.

கூட வேலை செய்த தினேஷ்வரன் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் குழு ஒன்று வைத்திருந்தான். "சும்மா வந்து கேளுங்கண்ணே, சத்தம் சரியா இருக்கான்னு சொன்னா போதும் லா" என்று ஒரு சனிக்கிழமை ஒத்திகை அறைக்கு இழுத்துப்போனான். எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம், அங்கே சாய்த்திருந்த எலெக்ட்ரிக் கித்தாரை மிக்கேல்ராஜ் எடுத்தார். மிஞ்சிய இரண்டு விரல்களால் தடித்த கம்பிகள் இரண்டை அழுத்தித் தட்டினார். காலடியில், ஒலியைச் சிதைத்துக் கனக்கவைக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை யாரும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். கதவு கிடுகிடுத்தது. இரண்டே கம்பிகள், ஒலியோ பத்துப் பேர் சேர்ந்து வாசித்ததுபோல் கனத்து நின்றது.

தினேஷ்வரன் ஓடிவந்தான். "நீங்களாண்ணே?"

"ரெண்டு விரல்தான் வெச்சேன்பா."

"இதுக்கு அவ்ளோதான் வேணும். முழு கோர்டுன்னு ஆறு கம்பியையும் பிடிச்சா எல்லாம் கலந்து கொழகொழன்னு ஆயிடும். நானே ரெண்டு கம்பிதான் பிடிக்கிறேன்."

அன்று வீடு திரும்பும் வழியில் மிக்கேல்ராஜ் காரை ஓரங்கட்டிவிட்டு அழுதார்.

ஆனால் அந்த இரைச்சல் கோயிலுக்கு ஆகாது. மலாக்கா டவுனில் பழைய ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வாங்கினார். மென்மையாகத் தட்டினால் தெளிவாகவும், ஓங்கித் தட்டினால் கரகரப்பாகவும் பேசியது அது. வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் குமிழ்களைத் திருப்பிப் பார்ப்பார்.

"கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு. ஆள் பாடுற மாதிரி இல்ல" என்றாள் சமையலறையிலிருந்து பமேலா.

அவள் சொன்னதை வைத்தே கூர்மையைக் குறைத்தார். கித்தாரின் ஒலிக் குமிழை வலது சுண்டு விரலால் சற்றே தணித்தால் கரகரப்பு தானாக அடங்குவதைக் கண்டுகொண்டார். ஏற்றினால் ஒற்றைக் கம்பியின் சுரம்கூட அறுபடாமல் நீண்டது. விரல் குறைந்த கைக்கு அந்த நீளம் பெரிய துணை.

எட்டு மாதம் கழித்துப் பாடகர் குழுத் தலைவி செலினிடம் போனார். செலின் பெடலைப் பார்த்தார். "மிக்கேலு, இது கோயில்யா. கச்சேரி மேடை இல்ல."

"நீங்க பாடுங்கக்கா. நான் உங்க குரலுக்குக் கீழேயே வர்றேன். மேல போனா நிறுத்திடுங்க."

செலின் முதல் அடியைப் பாடினார். கித்தார் ஒரு முறைகூட அவரை மீறவில்லை. பாட்டு முடிந்ததும் செலின் பாட்டுத் தாளை மடித்தார். "நடுவுல ஒரு இடத்துல இழுத்தியே, அத மட்டும் திருவிழால விட்டுடாத" என்றார்.

அவர்கள் கோயிலான தோட்டத்துச் சிற்றாலயத்தின் திருவிழா அன்று வாசல்வரை கூட்டம். நற்கருணை வாங்கும்போது பாடும் நன்மைப் பாட்டின் பாதியில் மைக் நின்றுபோனது; கித்தாரின் தனி ஸ்பீக்கர் மட்டும் ஓடியது. வெளியே நின்றவர்களுக்குச் செலினின் குரல் எட்டவில்லை, பாட்டு தடுமாறியது. மிக்கேல்ராஜ் யாரையும் பார்க்கவில்லை. காலால் பெடலை அழுத்தி, ஒலியை ஏற்றி, மெட்டை ஒற்றைக் கம்பியில் எடுத்தார். ஒவ்வொரு சுரமும் தொண்டையிலிருந்து வருவதுபோல் நீண்டு வாசலைத் தாண்டியது. வெளியே நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். கடைசி அடிக்குள் ஆலயம் முழுவதும் ஒரே குரலாகியிருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் தினேஷ்வரனின் குழுவில், அலோர் காஜா கல்யாண மண்டபங்களில் அவர் கதவு கிடுகிடுக்க வாசிக்கிறார். ஞாயிறு காலை செலினுக்குப் பக்கத்தில் நிற்கிறார். புதிய பாட்டு வந்தால் செலின் முதலில் அவரிடம்தான் தாளை நீட்டுகிறார்.