காதரின் கண்ணாடித் தொட்டி

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாக. அசர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்" என்று காதரின் மகள் போனில் சொன்னபோது, நான் கூடலூரில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தேன். போனை வைத்த பிறகும் நகரத் தோன்றவில்லை. இலைகள் வழியே இறங்கிய பச்சை வெளிச்சத்தில், தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெடுநேரம் நின்றேன்.

உத்தமபாளையத்துக் கல்லூரியில் காதர் விலங்கியல் ஆசிரியன், நான் வேதியியல். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மச்சான். கடலே இல்லாத ஊரில் அவன் கடல் வளர்த்தான். ராமேஸ்வரம் பக்கமிருந்து கேன்களில் கடல்நீர் வரும். கண்ணாடித் தொட்டியில் அனிமோன்கள் விரிந்திருக்கும். பார்க்கப் பூ, உண்மையில் விலங்கு. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கும். விலங்கின் கழிவு பாசிக்கு உரம். பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் விலங்குக்குப் பங்கு. பாசி எவ்வளவு உரம் எடுக்கிறது, எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தொட்டி முன் உட்காருவோம். அந்த இதழ்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ வகுப்புகளுக்குத் தாமதமாகப் போயிருக்கிறோம்.

"பாசி அரைவயிறா இருக்கணும் மாப்ள. அப்பத்தான் பகிர்ந்து திங்கும்" என்பான். கேட்க நன்றாக இருக்கும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

ஒருமுறை பத்து நாள் விடுப்பில் போனவன் தொட்டியை என் பொறுப்பில் விட்டான். மூன்றாம் நாள் அனிமோன்கள் வெளுத்ததுபோல் தெரிந்தன. கொடி வெளுத்தால் எங்கள் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை, யூரியா போட்டுவிடுவோம். ஒரு சிட்டிகை போட்டேன். அவை கருத்துச் செழித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கின.

திரும்பி வந்தவன் குனிந்து பார்த்தான். "பாசிக்கு வயிறு நெறஞ்சு போச்சு. இனி குடியிருக்குற வீட்டுக்கு ஒண்ணும் தராது. யாரும் எதுவும் போட்டாகளா மாப்ள?"

"இல்லையே மச்சான்" என்றேன்.

இரண்டு ஆண்டு உழைப்பு போயிற்று. தன் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தான். பட்டம் வரவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. சோம்பேறி என்று ஆசிரியர் அறையில் பேசினார்கள். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். யூரியா தூவிக்கொண்டிருந்த நான் அவனைக் கண்டதும் கையை மூடிக்கொண்டேன். சிரித்தான். "போடு மாப்ள. இங்கன போட்டாத் தப்பில்ல" என்றான்.

அவனை அறிந்தவர்களே, அந்தச் சிட்டிகையைப் போட்டவன் நான். தோட்டத்தில் அன்று மூடியிருந்த என் விரல்களை அவனே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அந்தத் தொடுகை என்னிடம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் ஆள் இல்லை.