கூடுதல் எடைக்குக் கட்டம் இல்லை

மலிவான ஹெலிகாப்டரை வாங்கியவன் நான் இல்லை. வாங்குகிற அதிகாரம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவர்களில் கடைசி ஆள் நான். கடைசிக் கையெழுத்துதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்வதில்லை.

ராஜபாளையத்திலிருந்து படைக்குப் போய், ஹெலிகாப்டர் இன்ஜினுக்கு அடியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். மலைமுகாம்களுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிப் போகிற ஹெலிகாப்டர்கள். பழையவை ஓய்ந்துபோனதால் புதிதாக வாங்க ஏற்பாடானது. இரண்டு கம்பெனிகள் தங்கள் மெஷின்களைக் கொண்டுவந்தன. உயரமான மலைத்தளம் ஒன்றில் சோதனை வைத்தார்கள். எடையை நிறுத்து ஏற்றுவதும், மெஷின் எழும்பியதா என்று குறிப்பதும் என் வேலை.

உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். காலையில் பத்து மூட்டை தூக்குகிற மெஷின் மத்தியானம் ஏழு மூட்டைக்கே திணறும். இது எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

விலை கூடிய மெஷின் உச்சிவெயிலில் கேட்ட எடையைத் தூக்கியது. "இன்னும் ஏற்றுங்கள்" என்று அதன் பைலட் சைகை காட்டினார். ஏற்றினோம், அதையும் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. விலை குறைந்த மெஷினின் ஆட்கள் விவரமானவர்கள். எதையோ காரணம் காட்டி, உதடு வெடிக்கிற குளிரில் காலையிலேயே சோதனையை வைத்துக்கொண்டார்கள். கேட்ட எடையைத் தூக்கியது. அதற்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றிப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மத்தியானம் எவ்வளவு தூக்கும் என்பதற்கு ஒரு அட்டவணையை நீட்டினார்கள். காகிதத்தில் அது நன்றாகத்தான் பறந்தது.

படிவத்தில் இரண்டே கட்டம்: நிறைவேற்றியது, நிறைவேற்றவில்லை. கூடுதலாக எவ்வளவு தூக்கியது என்று எழுத இடம் கிடையாது. இரண்டும் நிறைவேற்றிவிட்டால் இரண்டும் சமம். அதற்குப் பிறகு விலைதான் பேசும், குறைந்த விலைக்காரன் ஜெயிப்பான். அப்படியானால் அந்த வெயிலில் அவ்வளவு எடையைத் தூக்கிக் காட்டிய மெஷின் ஒப்புக்குச் சப்பாணி.

நான் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால், 'காலைச் சோதனை, மத்தியானம் மறுபடி பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். குழுவின் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மறுபடி சோதனை என்றால் இது இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியாது. அதுவரை மேலே இருப்பவனுக்கு எந்த மெஷினும் இல்லை. எது தேவலை, நீயே சொல்" என்று ஹிந்தியில் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, எனக்கு எரிச்சலே அதுதான். அழிக்கச் சொல்லி அவர் உத்தரவு போடவில்லை. ரப்பரை எடுத்தது நான்.

கொஞ்ச காலம் கழித்துக் குழுவில் எல்லோருக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. நாட்டுக்குப் பெரிய தொகையை மிச்சப்படுத்திக் கொடுத்தோமாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவில் வந்தபோது கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். நல்ல சேதிக்குச் சர்க்கரை கொடுத்தால் எங்கள் பக்கம் மதிப்பார்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லையில் இருந்த தம்பிக்கும் ஒரு பார்சல் அனுப்பினேன்.

தம்பி காலாட்படையில் ஹவில்தார். மம்சாபுரத்தில் பெண் எடுத்து, அங்கேயே வீடு கட்டி, பின்னால் ஒரு தென்னந்தோப்பும் வைத்திருக்கிறான். புது மெஷின்கள் வந்த மறு வருஷம் அவனுடைய மலைமுகாமில் பனி சரிந்தது. நாலு பேரைத் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது, கால்கள் மரத்திருந்தன. மேகம் விலகி ஹெலிகாப்டர் போய் இறங்கியபோது நல்ல உச்சிப்பொழுது. பைலட் மூன்று விரலைக் காட்டினார். நாலு பேரில் மூத்தவன் தம்பி. சின்னப் பையன்களை ஏற்றச் சொல்லிவிட்டு அவன் இருந்துகொண்டான். மெஷின் திரும்பி வருவதற்குள் மேகம் மூடிவிட்டது. மறுநாள் காலையில் வந்து அவனை அலுங்காமல் தூக்கிப் போனது. காலையில் அது தூக்கும் என்றுதான் நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோமே. அதற்குள் இடது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொன்னான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்று வந்து, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் சாமான் கொள்முதல் செய்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒருமுறை ஜெனரேட்டர் வாங்க வேண்டியிருந்தது. வந்த விலைகளை வரிசைப்படுத்தி, எல்லாமே நாம் கேட்ட திறன் உள்ளவைதான், இது விலை குறைவு என்று முதலாளி முன் வைத்தேன். அவர் தாளைத் தொடவே இல்லை.

"இது எந்த மில்லுல ஓடுதுன்னு கேளுங்க. மே மாசம் மத்தியானம், அம்புட்டுத் தறியும் ஓடுறப்ப நான் போயிப் பாக்கணும். காலையில எல்லா ஜெனரேட்டரும் நல்லாத்தான் ஓடும்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கட்டுக் கட்டும் துணி நெய்கிறவருக்குத் தெரிந்தது, அத்தனை பட்டையைத் தோளில் குத்தியிருந்த எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினோம். அந்தக் கோபம் அவரைச் சேர்ந்ததில்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

போன மாதம் தம்பியின் செயற்கைக் கால் தேய்ந்து உடைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கால் கொடுக்கும் முகாம் நடந்தது. மம்சாபுரத்திலிருந்து அவனை ஆட்டோவில் கூட்டிப் போனேன். மேஜைமேல் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்றில் பாதம் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். இன்னொன்று அசையாது.

"ரெண்டுமே தகுதியுள்ளதுதான் சார். வெல கொறஞ்சது எதுவோ அதத்தான் ஒதுக்கியிருக்காங்க. மத்தது சொந்தச் செலவுல வாங்கிக்கிடலாம்" என்றார் முகாம்காரர்.

அசையாததை மாட்டி, வழுவழுப்பான மண்டபத் தரையில் பத்து அடி நடக்கச் சொன்னார்கள். நடந்தான். படிவத்தில் குறித்துக்கொண்டார்கள். மம்சாபுரத்தில் அவன் நடக்கிற வாய்க்கால் வரப்பு அந்தப் படிவத்தில் இல்லை. உடன் வந்த உறவினர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை அவனிடம் கொடுத்தார்கள்.

அவனை மண்டபத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"ஏலே, இது வேண்டாம்னு சொல்லு. அந்த நல்ல காலை நான் வாங்கித் தாரேன்."

"எதுக்குண்ணே?"

அப்போதுதான் சொன்னேன். காலைச் சோதனை, ஓரத்தில் எழுதியது, அழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் புதுக் காலின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டான்.

"தெரியும்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீதான போன்ல சொன்ன. எடைய நிறுத்து ஏத்துனதே நான்தாம்லே, நாட்டுக்கு எம்புட்டு மிச்சம் தெரியுமான்னு. காலையில வச்சுச் சோதிச்சதையும் நீயே சொல்லிச் சிரிச்ச. நீ அனுப்புன பால்கோவாவ முகாம் பூராப் பங்கு வச்சேன். புது மிசின் எங்கண்ணன் பாத்து எடுத்ததுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை. அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

"ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லலே."

"கேட்டு? காலு மொளைக்கவா போவுது?"

"சரி, இப்பவாவது நல்லதா வாங்கிக்கிடு. என்ன வெலயா இருந்தாலும் பரவாயில்ல."

முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குரல் உயரவில்லை.

"இப்ப மட்டும் வெல பாக்க மாட்டியாண்ணே?"

அவன் தாளையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினான். "போடுண்ணே. நீ போடலன்னா இதுவும் கெடைக்காது. தோப்புல தேங்கா வெட்ட ஆள் வருது, நான் போவணும்."

தாளை வாங்கினேன். ஓரத்தில் ஏதாவது எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறையவே இருந்தது. ஒன்றும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.