மாடியைத் தாங்கிய சுவர்

காலை பதினொன்று பத்துக்கு எங்கள் ஹால் கூரையில் விரிசல் ஓடியது.

மராத்தி ஊரான ஆகுர்டியில் பழைய ஃபிளாட். சமைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த சுவரை இடிக்கச் சொல்லியிருந்தேன். தூணில்லாத அந்தக் கட்டடத்தில் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. கொத்தனார் சம்மட்டியைப் போட்டுவிட்டு, "பாபி, பாஹர் சலோ!" (அண்ணி, வெளியே வாங்க) என்று கத்தியபடி ஓடினார்.

பிள்ளைகள் பள்ளியில். கணவர் மஸ்கட்டில், ஞாயிறன்று அவர் கூப்பிட்டால்தான் பேச்சு. மேல்வீட்டில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். மராத்தி வராத, இந்தியும் அரைகுறையான கூச்சத்தில் நான்கு வருடமாக அவளிடம் பேசியதேயில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். வார்த்தை வராமல் கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தையோடு இறங்கி வந்துவிட்டாள்.

இஞ்சினியர் வந்து இரும்பு முட்டுக் கொடுக்கும்வரை கட்டடத்தில் இருந்த எல்லோரும் வெளியே நின்றோம். என்னைப் பற்றிப் பேசினார்கள். என்னோடு யாரும் பேசவில்லை.

இப்போதெல்லாம் இஞ்சினியரைக் கேட்காமல், அக்கம்பக்கத்தில் சொல்லாமல் சுவரில் கைவைப்பதில்லை.

விரிசல் விட்ட அன்று மாலை மேல்வீட்டுப் பெண்ணின் கணவர் வந்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாளா இடிக்கிற சத்தம் கேட்டுச்சு பாபி. என்னன்னு நாங்களும் இறங்கி வந்து கேக்கலையே."